ஆலய முற்றத்திற்கு ஏற்ற நிழல் மரம் எது?

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பது நம் முன்னோர் வாக்கு. இறைவனின் கருணையைச் சொல்ல வந்த வாக்கு இது. ஆனால் ஆலய முற்றத்தில் மரம் வைக்கும் நாம், தண்ணீர் ஊற்றுவதோடு நம் கடமை முடிந்தது என்று இருந்துவிட முடியாது. எந்த மரம், எந்த இடம், எவ்வளவு தூரம் என்பதையெல்லாம் கன்று கையில் இருக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். ஐம்பது ஆண்டு வளர்ந்துவிட்ட மரத்தை நகர்த்தி வைக்க எவராலும் இயலாது.

நமது அறநிலையத்தின் சார்பில் கியா பார்ம் ஆலய முற்றத்தில் பெரிய நிழல் மரங்கள் நட வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும், மெய்யன்பர்கள் பலர் தங்கள் பெற்றோர் நினைவாகக் கன்றுகளை உபயமாக வழங்க முன்வந்தனர். சிலர் அரசு என்றனர். சிலர் வேம்பு என்றனர். தைப்பிங் ஏரிக்கரையில் கண்ட தூங்குமூஞ்சி மரம்போல் ஒன்று வேண்டும் என்றும் சிலர் கேட்டனர். அனைவரின் விருப்பமும் பக்தியின்பாற்பட்டதே. இருப்பினும் முற்றத்தில் பெரிய மரங்களுக்கு இரண்டு மூன்று இடங்களே உண்டு. ஆகவே ஒவ்வொரு மரத்தின் இயல்பையும் உபயகாரர்கள் அறிந்து முடிவு செய்தால் நலம் என்று கருதி, முற்றப் பராமரிப்பைக் கவனித்து வரும் அடியேன் இக்கட்டுரையை எழுதலானேன்.

நம் மலையில் நிழல் எதற்கு?

தமிழகத்தில் கோயில் வாசலில் மரம் வைப்பதன் முதல் நோக்கம் வெயிலைத் தணிப்பது. சித்திரை வெயிலில் காலைத் தரையில் வைக்க முடியாத ஊர்களில் ஆலும் அரசும் வேம்பும் தாய்மடி போன்றவை. ஆனால் கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. உயரம் ஒவ்வொரு நூறு மீட்டர் கூடும்போதும் வெப்பம் ஏறக்குறைய அரை பாகைக்குச் சற்று அதிகமாகக் குறைகிறது. அதனால் ஈப்போவிலும் தாப்பாவிலும் விசிறி தேடும் நேரத்தில் இங்கே நாம் போர்வை தேடுகிறோம். ஆண்டு மழை 2,500 மில்லிமீட்டருக்கு மேல். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. ஜனவரி, பிப்ரவரி சற்றே வறண்டிருக்கும்.

1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரசல் அவர்கள் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய நாள் முதல் நம்மவர்கள் இம்மலையில் தேயிலையோடு வாழ்ந்து வருகின்றனர். சுங்கை பாலாஸ் பக்கம் செல்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். அங்கே தேயிலை பெரும்பாலும் திறந்த சரிவுகளிலேயே செழிக்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல தோட்டங்களில் தேயிலைக்கு நடுவே நிழல் மரங்களை வரிசையாக வைப்பார்கள். இங்கே மேகமே பாதி நாள் குடை பிடிக்கிறது.

அப்படியானால் நமக்கு மரமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். மலை உயரத்தில் வெயில் அடிக்கும்போது சுள்ளென்று அடிக்கும். திருவிழா நாட்களில் வரிசையில் நிற்கும் முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நிழல் அவசியம். பறவைகளுக்கும் வண்டுகளுக்கும் மரம் வீடு. எனினும் நம் முற்றத்தின் பெரும் பகை ஈரம். வெயில் படாத தரையில் பாசி படரும். பாசி படர்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் பிரதட்சிணம் வரும் பாட்டிமார் வழுக்கி விழுந்தால் இடுப்பெலும்பு முறியும். ஆகவே நமக்கு வேண்டியது இருண்ட நிழல் அன்று; ஒளி சிந்தும் மென்மையான நிழல். இதுவே மரத்தைத் தேர்ந்தெடுக்க நாம் வைத்துக்கொள்ள வேண்டிய முதல் அளவுகோல்.

இலையுதிர் மரம் இங்கே என்ன செய்யும்?

குளிர்காலம் உள்ள நாடுகளில் வீட்டு முற்றத்திற்கு இலையுதிர் மரங்களையே விரும்பி வைப்பார்கள். கோடையில் தழைத்து நிழல் தரும். குளிர்காலத்தில் இலையை உதிர்த்து வெயிலை உள்ளே விடும். தமிழகத்தில் வறட்சிக் காலம் மரங்களுக்கு இலையுதிர் காலமாகிறது. தண்ணீர் குறையும்போது இலையை உதிர்த்து மரம் தன்னைக் காத்துக்கொள்கிறது.

நாம் வாழ்வதோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே நாலரை பாகையில். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே இங்கே சுமார் அரை மணி நேரமே வித்தியாசம். நீண்ட வறட்சியும் இல்லை. ஆகவே இலையுதிர் மரங்களுக்கு 'இப்போது உதிர்' என்று சொல்லும் அறிகுறி இங்கே பலவீனம். ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மரங்களில் ஒன்று மொட்டையாகவும் மற்றொன்று தழைத்தும் நிற்பதைக் காணலாம். சில வேளை ஒரே மரத்தில் ஒரு கிளை உதிர்த்திருக்க, மறு கிளை துளிர்த்திருக்கும். கடற்கரைகளில் நாம் காணும் நாட்டு வாதுமை, மலாய் மொழியில் கெத்தாப்பாங், ஆண்டிற்கு இருமுறைகூட இலை சிவந்து உதிர்க்கும். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் பணிபுரிந்த ஹோல்ட்டம் அவர்கள் 1930களில் இத்தகைய இலை மாற்றங்களை ஆராய்ந்து எழுதினார். அதே பூங்காவைச் சேர்ந்த கார்னர் அவர்கள் 1940இல் வெளியிட்ட மலாயாவின் சாலையோர மரங்கள் பற்றிய நூல் இன்றும் மரம் அறிய விரும்புவோருக்குத் துணை நிற்கிறது.

இதனால் நமக்கு விளங்குவது யாதெனில், இலையுதிர் மரம் வைத்தால் ஒரு பருவத்தில் மட்டும் கூட்டிப் பெருக்கினால் போதும் என்று நினைக்கக் கூடாது. எந்த மாதத்திலும் இலை விழலாம். அடைமழை மாதத்தில் விழுந்தால் கால்வாயை அடைக்கும். ஆயினும் இலையை உதிர்க்கும் நாட்களில் முற்றத்திற்கு வெயில் கிடைக்கும், தரை காயும் என்ற நன்மையும் உண்டு. அடர்ந்த பசுமை மாறா மரத்தைவிட இலையுதிர் மரத்தை நாம் கருதுவதற்குக் காரணம் இதுவே.

தலவிருட்சம் சொல்லும் பாடம்

மண்ணறிந்து மரம் வைப்பது ஏதோ மேனாட்டுப் புதுமை அன்று. நம் தலவிருட்ச மரபே அதைத்தான் போதிக்கிறது. தில்லைச் சிதம்பரத்திற்குத் தில்லை மரம். அது உப்பங்கழியில் வளரும் மரம்; அருகே உள்ள பிச்சாவரத்தில் இன்றும் காணலாம். திருவானைக்கா அப்புத்தலம், அங்கே வெண்நாவல். நாவல் இனம் நீர்க்கரையை விரும்புவது. திருக்குற்றாலத்திற்குக் குறும்பலா, பலா மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. மதுரைக்குக் கடம்பு, திருநெல்வேலிக்கு மூங்கில். எல்லாத் தலங்களுக்கும் ஒரே மரம் என்று நம் பெரியோர்கள் விதிக்கவில்லை. அந்தந்த மண்ணில் எது தானாகச் செழித்து நின்றதோ, அதன் அடியில் இறைவனைக் கண்டார்கள். கேமரன் மலையில் ஆலயம் எழுப்பிய நாமும் அவ்வழியே சிந்திப்பதில் தவறென்ன?

மரங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

அரசு: புனிதத்தில் இதற்கு ஈடு இல்லை. இலங்கை அனுராதபுரத்தில் உள்ள அரச மரம் 2,200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உடையது. மழையைத் தாங்கும், இலையின் நீண்ட வால் நுனி நீரை வழித்து விட்டுவிடும். ஆனால் அதன் வேர் கல்லிடுக்கிலும் சுவரிலும் நுழைந்து பிளக்கும் வல்லமை படைத்தது. பழத்தைத் தின்ற பறவைகள் விமானத்திலும் மதிலிலும் விதையை இடும். அங்கே முளைக்கும் செடியை அகற்றுவது கும்பாபிஷேகத் திருப்பணி செய்தோர் அனைவரும் அறிந்த தொல்லை. கட்டடத்திலிருந்து குறைந்தது 20 மீட்டராவது தள்ளி, சமமான திறந்த வெளி இருந்தால் மட்டுமே அரசு வைக்கலாம். நம் முற்றத்தில் அவ்வளவு இடம் இல்லை.

வேம்பு: மாரியம்மனுக்கு உகந்தது. எனினும் இது வெப்பத்தையும் வறண்ட நிலத்தையும் நாடும் மரம். குளிரும் ஓயாத ஈரமும் அதற்கு ஒவ்வா. இங்கே நட்டால் நோஞ்சானாக நிற்குமே தவிர நிழல் தராது. ஆடி மாதத்துக்கு வேண்டிய வேப்பிலையைக் கீழ்நாட்டிலிருந்து தருவித்துக்கொள்வதே முறை.

தூங்குமூஞ்சி மரம்: மாலையில் இலை மடிவதால் மலாய் மக்கள் இதைப் 'புக்குல் லீமா', அதாவது ஐந்து மணி மரம், என்பார்கள். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் 1884இல் நடப்பட்ட மரங்கள் சாலையைத் தாண்டி நீரைத் தொடக் கிளை தாழ்த்தி நிற்கும் அழகைக் காணக் கண் கோடி வேண்டும். ஆனால் அது சமவெளியின் மரம். அதன் குடை 30 மீட்டர் வரை விரியும். மலைக்குளிரும் குறுகிய முற்றமும் அதற்குப் பொருந்தா.

கல்யாண முருங்கை: முள்முருங்கை என்றும் மலாயில் டெடாப் என்றும் பெயர். திருமணங்களில் அரசாணிக்காலோடு நடுவது. கிளையை ஊன்றினாலே துளிர்க்கும். காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதால் பழைய காப்பித் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் நிழலுக்கு வைத்தார்கள். இலையை உதிர்த்துச் செந்நிறப் பூவோடு நிற்கும். ஆனால் கட்டை மென்மையானது. கிளை எளிதில் முறியும். 2003க்குப் பின் ஒரு சிறு குளவியினம் பல நாடுகளில் பரவி, இதன் இலையிலும் தளிரிலும் கரணைகளை உண்டாக்கி எண்ணற்ற மரங்களை அழித்தது. பெருமரமாக நம்பி வைப்பதற்கில்லை.

சில்வர் ஓக்: ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்தது. நீலகிரி, வால்பாறை, இலங்கை மலைநாடு ஆகியவற்றின் தேயிலையில் இதைக் காணாத இடம் இல்லை. மலைக்கு ஏற்றது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது தேயிலைச் செடிக்கு வைக்கும் நிழல். உயரமாக, ஒடுக்கமாக வளர்ந்து துண்டு துண்டாக நிழல் விழச் செய்யும். காற்றில் கிளை ஒடியும் இயல்பு உண்டு. இலைச் சருகும் ஏராளம். மக்கள் கூடி நிற்கும் முற்றத்திற்கு உகந்ததன்று.

ஜகராந்தா: தென்னமெரிக்காவின் மலைச் சரிவுகளைச் சேர்ந்தது. சமவெளி வெப்பத்தில் சரியாகப் பூக்காது. மலைக்குளிர் அதற்கு இனிது. மூணாறு தேயிலைச் சரிவுகளில் கோடையின் தொடக்கத்தில் ஊதாப் பூவாக நிறைந்திருப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். உயரம் 10 முதல் 15 மீட்டர். இலை புளிய இலையிலும் மெல்லியது. ஒளியைச் சல்லடைபோல் சிந்தவிடும். சிறிது காலமே மொட்டையாக நிற்கும். குறை என்று சொன்னால், உதிர்ந்த பூ ஈரத்தில் வழுக்கும். ஆகவே படிக்கட்டுக்கும் நடைபாதைக்கும் மேலே கிளை வராதபடி வைக்க வேண்டும்.

சுரியான்: இம்மரத்தின் பெயரை நம்மவர் பலர் கேட்டிருக்க மாட்டார்கள். தமிழகத்து மலைகளில் சந்தன வேம்பு என்று ஒரு மரம் உண்டு. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு விடுவார்கள். அதன் உடன்பிறப்புப் போன்றது இந்தச் சுரியான். மலாயாக் காடுகளிலேயே இயற்கையாக வளர்வது. மேற்கு ஜாவாவின் தேயிலைத் தோட்டங்களில் காற்றுத் தடுப்பாக நடப்படுவது. வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததால் இலையும் வேப்பிலைபோல் வரிசையாக, அதைவிடப் பெரிதாக இருக்கும். இலை உதிர்த்துத் துளிர்க்கும். வேம்பு வேண்டும் என்று கேட்ட அன்பர்களுக்கு, இம்மண்ணிலேயே பிறந்த வேம்பின் உறவு என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் மிக உயரமாக வளரும். 30 மீட்டரையும் தாண்டக்கூடும். விசாலமான கீழ்முற்றத்திற்கே இது பொருந்தும். சந்நிதிக்கு அருகே கூடாது.

மரத்தைவிட இடம் முக்கியம்

நல்ல மரமும் தவறான இடத்தில் தீமையாகும். நம் மலையில் காலை நேரம் பெரும்பாலும் தெளிவாகவும், பிற்பகல் மேகமும் மழையுமாகவும் இருக்கும். ஆகவே தரையைக் காய வைப்பது காலை வெயில்தான். ஆலயம் கிழக்கு நோக்கியிருப்பதால் கிழக்கு முற்றத்தைத் திறந்தே விடுதல் வேண்டும். சுவாமியின் பார்வையும் மறையாது, தரையும் காயும். நண்பகல் சூரியன் ஏப்ரல் தொடக்கம் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை சற்று வடக்கேயும், மற்ற மாதங்களில் தெற்கேயும் சாய்ந்திருக்கும். எனவே வடக்கு, தெற்கு இரண்டும் நமக்கு ஏறத்தாழச் சமமே. பெரிய மரங்களுக்கு உகந்த திசை மேற்கு.

அடுத்தது சரிவு. மண்ணைக் கொட்டி நிரப்பிய ஓரத்தில் ஒற்றைப் பெருமரம் வைப்பது ஆபத்து. நிரப்பு மண் இளகியது. மரத்தின் எடையும் காற்றின் உந்துதலும் சேர்ந்து மழை நாளில் மண்ணோடு சாய்த்துவிடும். அதற்காகச் சரிவை மொட்டையாக விடுவதும் கூடாது. வெட்டவெளியாக்கப்பட்ட மலைச் சரிவுகளிலிருந்து வழிந்த மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை எவ்வளவு தூர்த்துவிட்டது என்பதை நாம் அறிவோம். 2013 அக்டோபர் 23 அன்று கனமழையால் சுல்தான் அபு பக்கார் அணை நிறைந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. ஆகவே சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்த இம்மலைக்கே உரிய சிறு மரங்களையும் புதர்களையும் கூட்டமாக வளர்க்க வேண்டும். பிரிஞ்சாங் மலைக் காட்டில் வளரும் கெலாட் மரங்கள் இதற்கு ஏற்றவை. அவை நாவலின் இனத்தைச் சேர்ந்தவை. திருவானைக்காவில் ஈசன் அமர்ந்த மரத்தின் உறவு நம் மலையிலும் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரிய செய்தி அல்லவா?

தூரத்தைப் பொறுத்தவரை, மரம் முழுமையாக வளர்ந்தபின் அதன் குடை எவ்வளவு விரியுமோ, அந்த எல்லைக்கு வெளியே சுவரும் கழிவுநீர்க் குழாயும் இருக்க வேண்டும். வேர் கிளையைவிட வெகுதூரம் செல்லும். பெரும்பகுதி மேல்மண்ணிலேயே பரவும். இன்னொன்றும் உண்டு. மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, 80 சென்டிமீட்டர் சுற்றளவைத் தாண்டிய மரத்தை உள்ளூர் அதிகாரத்தின் அனுமதியின்றி வெட்டுதல் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனால் 'சரிவரவில்லை என்றால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்' என்று எண்ணி நடுவோருக்கு அது ஓர் எச்சரிக்கை.

நட்டபின் செய்ய வேண்டுவன

கன்று இடுப்பளவு இருந்தால் போதும். பெரிய கன்று பார்வைக்கு அழகு. பையில் வேர் சுற்றிக்கொண்டிருந்தால் பின்னாளில் காற்றுக்குச் சாயும். குழியை ஆழமாக அன்றி அகலமாக வெட்ட வேண்டும். வேர் தொடங்கும் கழுத்துப் பகுதி தரை மட்டத்திலேயே இருக்க வேண்டும். மண்ணைக் குவித்து மூடினால் பட்டை அழுகும். ஏப்ரல் மழைக்கு முன்னரோ, செப்டம்பரிலோ நடலாம். முதல் இரண்டு ஆண்டுகள் ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

அன்பர்களிடம் மூன்று வேண்டுகோள். மரத்தைச் சுற்றி மேடை கட்டும்போது அடிமரத்தைச் சிமெண்டால் நெருக்க வேண்டாம். சுற்றிலும் ஒரு மீட்டராவது மண் வெளியே தெரிய வேண்டும், வேரும் மூச்சு விட வேண்டும் அல்லவா? விளக்கை அடிமரத்தில் ஒட்டி ஏற்ற வேண்டாம். வெப்பமும் எண்ணெயும் பட்டையைக் கெடுக்கும். பெயர்ப் பலகையை ஆணி அடித்து மாட்ட வேண்டாம். பக்கத்தில் சிறு கல் நட்டு அதில் பொறிக்கலாம்.

உபயம் பற்றியும் சொல்ல வேண்டும். கன்றின் விலை அற்பம். மூன்றாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை, மரம் ஒரே நேர்த்தண்டாக வளரும்படி தேர்ந்த கைகளால் கவாத்து செய்வதும், ஆண்டுதோறும் கால்வாயைத் தூர் வாருவதும், காய்ந்த கிளையை விழுமுன் எடுப்பதுமே உண்மையான செலவு. ஒருவர் ஒரு கன்றும், பத்துப் பேர் சேர்ந்து அதன் பத்தாண்டுப் பராமரிப்பும் உபயமாக ஏற்றால் அந்த மரம் பிழைக்கும். நூறு பேர் நூறு கன்றுகள் கொடுத்தால் ஒன்றும் பிழைக்காது.

ஆகவே அடியேனின் பரிந்துரை இதுதான். மேற்கு முற்றத்தில், நடைபாதையை விட்டு விலகி, இரண்டு ஜகராந்தா. விசாலமான கீழ்முற்றத்தின் வெட்டுமண் பகுதியில் ஒரே ஒரு சுரியான். தெற்குச் சரிவு முழுவதும் கெலாட்டும் மற்ற மலைச்செடிகளும். அரச மரம் கேட்ட அன்பர்கள் மனம் வருந்த வேண்டாம். அரசைப் போற்றுவதால்தான் அதற்கு இடம் போதாத முற்றத்தில் வைத்து, வேர் வெட்டுண்டு கிளை வெட்டுண்டு நிற்கும் நிலைக்கு அதை ஆளாக்க நாம் தயங்குகிறோம். என்றேனும் அறநிலையத்திற்குச் சமமான பெருவெளி ஒன்று அமையுமாயின், முதல் கன்று அரசாகவே இருக்கட்டும்.

இம்மரங்களின் முழு நிழலில் நம்மில் பலர் உட்காரப் போவதில்லை. நம் பேரக் குழந்தைகள் உட்காருவார்கள். அவர்கள் வழுக்கி விழாமல் வலம் வரவும், சுவரும் சரிவும் உறுதியாய் நிற்கவும், இன்று நாம் சற்றே யோசித்து நடுவோமாக. மெய்யன்பர்கள் தங்கள் கருத்துகளையும் உபய விருப்பத்தையும் ஆலய அலுவலகத்தில் தெரிவிக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். எல்லாம் வல்ல அம்பாளின் திருவருள் அனைவருக்கும் உண்டாகுக.